பிடிக்காத ஓவியர், பிடிக்காத நடிகர்: இன்னொரு வாய்ப்பை எப்படிக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது?

கேள்வி
எழுதியவர்: பேனல்ராஜா

நண்பர்களுக்கு வணக்கம். நாலு பேர் புகழ்கிறார்களே என்று சில ஓவியர்களையும் நடிகர்களையும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறோம். ஒவ்வொரு முறையும் அதே எரிச்சல். அடுத்த முறை கையில் கிடைத்ததை எடுக்காமல், முறையாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வரலாம் என்றுதான் இந்தத் திரி.

முதலில் அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜான் ரொமிட்டா ஜூனியர். பார்த்தவை 'கிக்-ஆஸ்', பிறகு 2014-இல் ஜெஃப் ஜான்ஸ் எழுதிய சூப்பர்மேன் இதழ்கள். முகங்கள் சதுரம் சதுரமாக இருக்கின்றன. சிறுவர்களுக்கும் பெரியவர்களின் முகம். கன்னம், நெற்றி எங்கும் எதற்கென்றே தெரியாத கீறல் கோடுகள்.

அடுத்தது ஜாக் கிர்பி. 'ஃபாரெவர் பீப்பிள்' முதல் மூன்று இதழ்கள். உருவங்கள் பிரமாண்டம்தான், ஆனால் கோடு சோர்ந்து கிடக்கிறது. இவரை ஏன் 'கிங்' என்கிறார்கள் என்று அந்தப் பக்கங்களிலிருந்து புரியவில்லை.

மூன்றாவது இத்தாலிய கௌபாய் காமிக்ஸான டெக்ஸ் வில்லரின் ஆரம்ப காலப் பக்கங்கள், காலெப்பினி வரைந்தவை. ஆட்கள் விறைத்து நிற்கிறார்கள், பக்கம் மூச்சு விடுவதே இல்லை.

நடிகர்களில் ஆடம் சாண்ட்லர் (கத்தல் தாங்கவில்லை), ராபர்ட் பேட்டின்சன் ('ட்வைலைட்' வரிசையில் முகம் அசையவே இல்லை).

இவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்பதானால் எதை எடுக்க வேண்டும், ஏன் அதை எடுக்க வேண்டும், எந்த இடத்தில் 'போதும், இது நமக்கு ஒத்துவராது' என்று நிறுத்துவது? "எல்லாமே நல்லா இருக்கும், பாருங்க" என்ற பதில் வேண்டாம். குறிப்பாகச் சொல்லுங்கள்.


பதில் 1
எழுதியவர்: மைக்குப்பி

நல்ல கேள்வி சார். அமெரிக்க காமிக்ஸ் என்றால் அட்டையில் உள்ள ஓவியர் பெயரை விட்டுவிட்டு உள்ளே முதல் பக்கத்துப் பெயர்ப் பெட்டியைப் பாருங்கள். பென்சில் ஒருவர், அதன் மேல் மையால் வரைந்து முடிக்கும் இங்க் இன்னொருவர், கலர் மூன்றாமவர். நமக்குப் பிடிக்காமல் போவது பல நேரம் இரண்டாவது ஆளின் கோடு. அதனால் மறுவாய்ப்பு என்றால் அதே ஓவியர், வேறு இங்க்கர். இதைச் செய்யாமல் அவருடைய இன்னொரு புத்தகத்தை எடுத்தால், அதே கூட்டணி மறுபடி மாட்டும்.

அந்தப் பெட்டியில் 'பென்சில்' என்று போட்டிருக்கிறதா, 'பிரேக்டவுன்' அல்லது 'லேஅவுட்' என்று போட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். முழுப் பென்சில் என்றால் நிழல், துணி மடிப்பு, முகபாவம் எல்லாம் ஓவியரே முடித்துக் கொடுத்திருப்பார். பிரேக்டவுன் என்றால் யார் எங்கே நிற்கிறார், கேமரா எங்கே இருக்கிறது என்பதோடு சரி. நிழலும் முகத்தின் நுணுக்கமும் அடுத்தவர் பொறுப்பு. அந்த ஆளுக்கு 'ஃபினிஷஸ்' என்று பெயர் போடுவார்கள். மாதம் 20, 22 பக்கம் தவறாமல் வர வேண்டிய தொழில் இது. வேகமாக வரையும் ரொமிட்டா ஜூனியர் மாதிரி ஆட்களிடம் இரண்டு வகையும் உண்டு.

அவருடைய பாதையையே இங்க்கர்களை வைத்துப் பிரிக்கலாம். 1978-இல் 'அயர்ன் மேன்' தொடங்கியபோது முடித்துக் கொடுத்தவர் பாப் லேட்டன். பளபளப்பான உலோகம், ஒழுங்கான முகம். அங்கே ரொமிட்டாவைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். 1980-களின் நடுவில் 'அன்கேனி எக்ஸ்-மென்' இதழ்களில் டான் கிரீன். 1988-இல் ஆன் நோசென்டி எழுதிய 'டேர்டெவில்'. இதற்கு இங்க் போட்டவர் ஆல் வில்லியம்சன். நீங்கள் எடுக்க வேண்டியது இதைத்தான்.

காரணம் இது. வில்லியம்சன் அடிப்படையில் பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதைகளும் நாளிதழ் ஸ்ட்ரிப்களும் வரைந்த ஓவியர். மெல்லிய நிப், இடையிடையே விட்டுவிட்டுப் போகும் கோடு. ரொமிட்டாவின் சதுரத் தாடையை அவர் மாற்றுவதில்லை, ஆனால் அதன் ஓரத்தை மூடாமல் திறந்து விடுகிறார். அதனால் முகத்தில் வெளிச்சம் விழுகிறது. நீங்கள் சொல்லும் கீறல் கோடுகள் இங்கே துணியின் சுருக்கமாகவும் தாடி மயிராகவும் மாறிவிடும். 2014 சூப்பர்மேனில் இங்க் கிளாஸ் ஜான்சன். அவர் கோடு தடிப்பு, முரட்டுத்தனம். இருட்டுச் சந்தில் நடக்கும் கதைக்கு அபாரம். பகல் வெளிச்சத்தில் பறக்கும் சூப்பர்மேனின் வழவழப்பான முகத்தில் அதே கோடு தழும்பு மாதிரி தெரியும். 'கிக்-ஆஸ்' இங்க் டாம் பாமர். ஆக நீங்கள் பார்த்த இரண்டும் பின்னாளைய ரொமிட்டா, இரண்டிலுமே கோடு கனம்.

'டேர்டெவில்' 250-ஆம் இதழில் தொடங்கி 282 வரை இவர்கள் கூட்டணி, நடுவில் சில இதழ்கள் வேறு கைகள். டைஃபாய்ட் மேரி என்ற வில்லி அறிமுகமாகும் 254-இல் ஆரம்பியுங்கள். அது பிடித்தால் 1993-இல் ஃப்ராங்க் மில்லர் எழுதிய 'டேர்டெவில்: தி மேன் வித்தவுட் ஃபியர்', ஐந்து இதழ். அதிலும் வில்லியம்சன்தான். கூரை மேல் தண்ணீர்த் தொட்டி, இரும்புப் படிக்கட்டு, மழை, இவற்றின் நடுவே கனமான உடல்கள். ரொமிட்டாவின் உண்மையான பலம் எடை. ஒருவன் ஒருவனை அடித்தால் அந்த அடி வாசிப்பவருக்கு உறைக்கும். முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

கிர்பிக்கு வருவோம். 'ஃபாரெவர் பீப்பிள்' ஐந்தாம் இதழ் வரை இங்க் வின்ஸ் கொலெட்டா. அவர் மிக வேகமான ஆள். கெடு தவறும் நிலையில் எடிட்டர்கள் நம்பியது அவரைத்தான். அந்த வேகத்துக்குக் கொடுத்த விலை, கிர்பி பென்சிலில் போட்ட பின்னணி உருவங்களை அழித்துவிடுவது, கூட்டத்தை வெறும் நிழலுருவாக நிரப்பிவிடுவது. 'தோர்' கதைகளில் அவருடைய மயிரிழைக் கோடு புராணச் சூழலுக்கு ஒத்துப்போனது என்று சொல்பவர்களும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் விண்வெளி எந்திரங்களும் வெடிப்புகளும் நிறைந்த இந்தக் கதைகளுக்கு அந்தக் கோடு போதாது.

எனவே அதே காலத்தில் கிர்பி வரைந்த இன்னொரு தொடரான 'நியூ காட்ஸ்' நான்காம் இதழையும் ஐந்தாம் இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நான்கில் கொலெட்டா, ஐந்திலிருந்து மைக் ராயர். ராயர் பென்சிலில் இருப்பதை ஒன்று விடாமல் அப்படியே மையில் ஏற்றுபவர். எழுத்துகளும் அவரே. ஒரே ஓவியர், ஒரே கதை, அடுத்தடுத்த இதழ். இதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைக்காது. ஆறாம், ஏழாம் இதழ்களையும் தொடர்ந்து படியுங்கள். ஏழாம் இதழான 'தி பேக்ட்' கிர்பி எழுதி வரைந்தவற்றின் உச்சம்.

கோணங்கள் கூர்மையாக இருப்பதே உறுத்துகிறது, கொஞ்சம் மழுமழுப்பு வேண்டும் என்றால் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 44-இலிருந்து. அங்கே ஜோ சின்னாட். அவர் கிர்பியின் முகங்களைத் திருத்தமாக்குவார், உலோகத்துக்கு மெருகு ஏற்றுவார். கலாக்டஸ் வரும் 48 முதல் 50 வரை, அதற்கடுத்த 51, இந்த நான்கு போதும். இன்னொன்று, 1967 வாக்கில் அமெரிக்க காமிக்ஸ் ஒரிஜினல் தாளின் அளவைக் குறைத்தார்கள். அதற்கு முன்பு சுமார் 12.5 × 18.5 அங்குலம், பிறகு 10 × 15. சிறிய தாளில் கிர்பி பக்கத்துக்கு நான்கு ஐந்து பெரிய பேனல் (படக்கட்டம்) என்று போக ஆரம்பித்தார். நெருக்கமான, ஆறு ஏழு பேனலில் கதை நகரும் கிர்பி வேண்டுமென்றால் 1967-க்கு முந்தியதையும், பிரமாண்டம் வேண்டுமென்றால் பிந்தியதையும் எடுங்கள்.

கிர்பி வரைந்த 'ஜிம்மி ஓல்சன்' தொடரை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் சூப்பர்மேன் முகங்களை டிசி நிறுவனம் ஆல் பிளாஸ்டினோ, மர்ஃபி ஆண்டர்சன் ஆகியோரை வைத்து மாற்றி வரைய வைத்தது. உடல் ஒருவருடையது, தலை இன்னொருவருடையது. அதை வைத்து யாரையும் மதிப்பிட முடியாது.


பதில் 2
எழுதியவர்: சிவகாசி வாசகன்

மைக்குப்பி ஜி இங்க்கைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். நான் அச்சைப் பற்றிச் சொல்கிறேன். நம்மூர் வாசகர்களுக்கு இதுதான் பெரிய விஷயம்.

டெக்ஸ் ஆரம்பப் பக்கங்கள் ஏன் மூச்சு முட்டுகின்றன? 1948-இல் அது பக்கமாகவே வரையப்படவில்லை. இத்தாலியில் 'ஸ்ட்ரிஷ்யா' என்று ஒரு வடிவம். செக் புத்தகம் மாதிரி அகலமாக, உயரம் குறைவாக, ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வரிசை படம். அப்படி வந்த வரிசைகளை மூன்று மூன்றாக அடுக்கித்தான் இப்போது நாம் பார்க்கும் பக்கம் ஆனது. காலெப்பினி முழுப் பக்கத்தை மனதில் வைத்து வரையவில்லை, ஒரு வரிசைக்குள் ஆள், குதிரை, வசன பலூன் மூன்றையும் அடக்கினார். அதனால் முழு உருவம் நிற்க இடமில்லை, எல்லோரும் இடுப்பளவுதான். பக்க அமைப்பை வைத்து அவரை அளந்தால் அநியாயம். ஒரு வரிசையை மட்டும் தனியாகப் பாருங்கள், மற்ற இரண்டையும் தாளால் மூடிக்கொள்ளலாம். அப்போது சவாரியும் துப்பாக்கிச் சண்டையும் எவ்வளவு துடிப்பு என்று தெரியும். இன்னும் ஒன்று, 400-ஆம் இதழ் வரை அட்டைப்படம் முழுக்க அவர்தான், 1994 வரை. அந்த அட்டைகளை வரிசையாகப் புரட்டினாலே கை எப்படி மாறியது என்று தெரிந்துவிடும்.

டெக்ஸ் பிடிக்கவில்லை என்று சொல்பவர் எந்த டெக்ஸ் என்றும் சொல்ல வேண்டும். ஒரே தொடருக்குள் அத்தனை கைகள் இருக்கின்றன. குதிரையும் பாறையும் பரந்த வெளியும் வேண்டுமென்றால் ஜியோவான்னி டிச்சி. சுத்தமான கோடு, புள்ளி புள்ளியாக வைத்த நிழல் வேண்டுமென்றால் ஃபாபியோ சிவிடெல்லி. அழுக்கும் வியர்வையும் வேண்டுமென்றால் ஹோஸே ஓர்டிஸ். 1988-இல் கைடோ புட்செல்லியோடு தொடங்கிய பெரிய அளவு வரிசை ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் ஓவியரை அழைத்து வரைய வைத்தார்கள். 1996-இல் வந்த மாக்னஸின் புத்தகம் அவர் ஏழு ஆண்டு உட்கார்ந்து வரைந்தது. ஒவ்வொரு இலையும் தனித்தனியாக வரையப்பட்டிருக்கும். வாய்ப்பளிப்பதென்றால் அங்கே அளியுங்கள்.

மாத டெக்ஸின் அசல் அளவு 16 × 21 செ.மீ. பாக்கெட் சைஸில் படித்துவிட்டு 'சித்திரம் நெரிசல்' என்று சொன்னால், அந்தப் பழி சுருக்கியவர் மேல்தான் போக வேண்டும், வரைந்தவர் மேல் அல்ல. லயன், முத்து என்ற தமிழ் காமிக்ஸ் வெளியீடுகளில் 1980-களில் கருப்பு வெள்ளையில், நியூஸ்பிரிண்டில் வந்தவற்றுக்கும் 2012-க்குப் பின் பெரிய அளவில், ஆர்ட் பேப்பரில், கலரில் வருபவற்றுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு வேறு ஓவியர்கள் என்று நினைக்கும் அளவுக்கு இருக்கும். கேப்டன் டைகரை (பிரெஞ்சில் 'புளூபெரி') எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் ஜிரோ அதை 1963-இல் ஆரம்பித்தபோது தன் குரு ஜிஜேயின் பாணியில்தான் தூரிகை பிடித்தார். பத்து ஆண்டு கழித்துதான் அவர் கை அவருடையது ஆகிறது. 'தங்கக் கல்லறை'யின் மூலமான இரண்டு ஆல்பங்களும் 1972-இல் வந்தவை. கலரில் கிடைக்கும் பதிப்பில் பாலைவனத்தின் நிறம் காட்சிக்குக் காட்சி மாறுவதைக் கவனியுங்கள். கருப்பு வெள்ளையில் அச்சடித்தால் அந்த நிறம் போய், கீழே இருக்கும் குறுக்குக் கோடுகள் மட்டும் மிஞ்சும், கசகசவென்று தெரியும். டைகர் பிடிக்கவில்லை என்று ஒதுக்கியவர்கள் ஆரம்ப ஆல்பத்திலிருந்து முயலாமல் நேராக 'தங்கக் கல்லறை'க்கு வாருங்கள்.

அமெரிக்கப் பழைய கதைகளுக்கு இதற்கு நேர்மாறான பிரச்சினை. 1960-களில் கலர் போட்டது சொரசொரப்பான மஞ்சள் தாளில், புள்ளி அச்சில். மை தாளில் ஊறி நிறம் தானாக மங்கும், அதைக் கணக்கில் வைத்தே அடர் நிறம் கொடுத்தார்கள். அதே குறியீட்டை இன்று பளபளக்கும் வெள்ளைத் தாளில் அச்சடித்தால் சிவப்பும் பச்சையும் கண்ணைக் குத்தும். வாங்குமுன் உள்பக்க மாதிரியைப் பாருங்கள். மங்கலான, பளபளப்பில்லாத தாளில் வந்த தொகுப்போ, கருப்பு வெள்ளைத் தொகுப்போ கிடைத்தால் கிர்பிக்கு அதுதான் நல்லது.

கலரால் வரும் வெறுப்பா, கோட்டால் வரும் வெறுப்பா என்று பிரித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. 'தி கில்லிங் ஜோக்' 1988-இல் வந்தபோது கலர் ஜான் ஹிக்கின்ஸ், பளீரென்ற மஞ்சளும் ஊதாவும். 2008 பதிப்பில் ஓவியர் பிரையன் பாலண்டே உட்கார்ந்து அடங்கிய நிறத்தில் மாற்றினார். ஒரே கோடுகள், இரண்டு நிறங்கள். எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று பார்த்தால் உங்கள் கண் எதற்கு அசைகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு 1988 கலர்தான் அந்தக் கதைக்குப் பொருந்துகிறது. அது வேறு வாதம்.

போனில் ஒவ்வொரு பேனலாக நகர்த்திக் காட்டும் முறை இருக்கிறதே, அதை அணைத்துவிடுங்கள். ஓவியர் ஒரு பக்கத்தை முழுதாக யோசித்து, பெரிய பேனலையும் சின்ன பேனலையும் எதிரெதிரே வைத்திருப்பார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவில் வரும். கிர்பியின் இரட்டைப் பக்கச் சித்திரம் போனில் தீப்பெட்டி அளவுதான். பத்து அங்குலத்துக்குக் குறையாத டேப்லட், இல்லையென்றால் புத்தகம்.


பதில் 3
எழுதியவர்: கடைசி ரீல்

நடிகர்கள் பக்கம் நான் வருகிறேன்.

படம் தேர்ந்தெடுக்குமுன் இரண்டு விஷயங்களைச் சரிபண்ணுங்க. ஒன்று குரல். தமிழ் டப்பிங்கில் பார்த்துவிட்டு ஒரு ஹாலிவுட் நடிகரைப் பிடிக்கவில்லை என்றால், பாதி நடிப்பு அவருடையதே இல்லை. சப்டைட்டிலோடு அசல் ஒலியில் பாருங்க. இது நம் சினிமாவுக்கும் பொருந்தும். 'அமராவதி'யில் அஜித்துக்கும் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தது விக்ரம். எத்தனையோ கதாநாயகிகளின் நடிப்பை நாம் எடை போட்டது டப்பிங் கலைஞரின் குரலைக் கேட்டுத்தான். வாய்ப்பு கொடுக்கும் படத்தில் அவர் சொந்தக் குரலில் பேசுகிறாரா என்று முதலில் பாருங்க.

இரண்டாவது டிவி. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம். டிவி அதற்கிடையில் தானே ஃபிரேம்களை உண்டாக்கிச் செருகும். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அது ஓடினால் எல்லாரும் சீரியல் செட்டில் நிற்கிற மாதிரி இருக்கும். சட்டென்று திரும்புவது, கண் இமைப்பது, உதடு துடிப்பது எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். அடக்கி நடிக்கிற ஆட்களைத்தான் இது ரொம்பக் கெடுக்கும். பேட்டின்சன் மாதிரி முகத்தைக் குறைவாக அசைக்கிறவர்களுக்கு அநியாயம் செய்யும். அணைத்துவிடுங்க, அல்லது 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போடுங்க.

இனி சாண்ட்லர். கத்தல் பிடிக்கவில்லை என்கிறீங்க. 'அன்கட் ஜெம்ஸ்' (2019) முதலில் வேண்டாம். அபாரமான படம், ஆனால் இரண்டே கால் மணி நேரமும் கத்தல், அதுவும் நாலு பேர் ஒரே நேரத்தில். நோவா பாம்பாக் இயக்கிய 'தி மேயரோவிட்ஸ் ஸ்டோரீஸ்' (2017) பாருங்க. டஸ்டின் ஹாஃப்மன் அப்பா, சாண்ட்லர் மகன். பியானோவில் மகளோடு உட்கார்ந்து பாடுகிற காட்சி ஒன்று போதும். அதன் பிறகு பால் தாமஸ் ஆண்டர்சனின் 'பஞ்ச்-டிரங்க் லவ்' (2002), 95 நிமிஷம்தான். அதில் ஆண்டர்சன் செய்தது என்னவென்றால், சாண்ட்லரின் கோபத்தை மாற்றவே இல்லை. அவருடைய காமெடிப் படங்களில் வருகிற அதே வெடிப்புதான். ஆனால் அங்கே வெடித்தால் சிரிப்பு வரும், இங்கே சுற்றி இருக்கிறவர்கள் பயப்படுவார்கள். ஏழு அக்கா தங்கைகளிடம் கேலிப்பட்டே வளர்ந்த ஆள் கண்ணாடிக் கதவை உதைத்து உடைக்கிறான், உடைத்துவிட்டு அவனே கூசிப்போய் நிற்கிறான். பிடிக்காத அதே குணத்தை ஓர் இயக்குநர் கதைக்கு எரிபொருளாக்குகிறார். மறுவாய்ப்புக்கு இப்படிப்பட்ட படம்தான் சரி. குணத்தையே மறைத்துவிட்டு 'அடக்கமாக நடிச்சிருக்கார்' என்று பேர் வாங்குகிற படம் உங்க கேள்விக்குப் பதில் சொல்லாது.

எஸ்.ஜே. சூர்யாவைப் பிடிக்காதவர்களுக்கும் இதே பாதைதான். இழுத்து, ஏற்றி, குரலை உடைத்துப் பேசுகிற பாணி அவர் சொந்தப் படங்களில் சிலருக்கு எரிச்சல். 'மாநாடு' (2021) படத்தில் அதே பாணி. ஆனால் ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற கதையில் மாட்டிக்கொண்ட போலீஸ் அதிகாரிக்கு அந்தச் சலிப்பும் கத்தலும் நியாயமான விளைவு. 'இறைவி' (2016) அதற்கு முன்பே வந்த சான்று.

பேட்டின்சனுக்கு 'தி லாஸ்ட் சிட்டி ஆஃப் இசட்' (2016). தாடி, மூக்குக்கண்ணாடி, துணைப் பாத்திரம். அவர் தான் என்று தெரிவதற்கே நேரமாகும், அதுதான் வேண்டும், ஏனென்றால் பழைய எரிச்சல் குறுக்கே வராது. அடுத்து 'குட் டைம்' (2017), 'அன்கட் ஜெம்ஸ்' எடுத்த அதே சாஃப்டி சகோதரர்கள். ஓடிக்கொண்டே இருப்பார், பொய் சொல்லிக்கொண்டே இருப்பார், கேமரா முகத்தை ஒட்டியே இருக்கும். முகம் அசையவில்லை என்ற புகார் இங்கே நிற்கிறதா என்று பாருங்க. நின்றால் விட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சூப்பர்ஹீரோ படங்களை வைத்து யாருக்கும் மறுவாய்ப்பு கொடுக்காதீங்க. முகமூடி, கிராஃபிக்ஸ், மூன்று நொடிக்கு ஒரு கட். நடிப்பை எடை போட ஒரே ஷாட்டில் ஒரு நிமிஷமாவது முகம் தெரிய வேண்டும்.


பதில் 4
எழுதியவர்: நேர்கோடு

மேலே மூவர் சொன்னதும் பயனுள்ளவை. ஆனாலும் ஒரு மறுப்பு. எல்லாப் பழியையும் இங்க்கர் தலையிலும் தாளின் தலையிலும் போட்டுவிட்டால், எந்த ஓவியரையும் எப்போதும் நிராகரிக்கவே முடியாது. அது ரசனைக்கு நல்லதல்ல.

இங்க்கர் எதைத் தொட முடியும், எதைத் தொட முடியாது என்று பிரியுங்கள். கோட்டின் கனம், முகத்தின் நயம், துணியின் தன்மை, நிழலின் அடர்த்தி, இவையெல்லாம் இங்க்கர் கையில். யார் எங்கே நிற்கிறார், அடுத்த பேனலில் எங்கே போனார், கண் எந்தத் திசையில் ஓட வேண்டும், எந்தக் கணத்தைப் படமாக்குவது, இவை பென்சில் ஓவியர் கையில் மட்டும். உங்கள் புகார் முதல் வகை என்றால் மைக்குப்பி சொன்ன வழி. இரண்டாம் வகை என்றால் இங்க்கரை மாற்றிப் பயனில்லை.

சோதனை எளிது. வசன பலூன்கள் மேல் துண்டுக் காகிதங்களை வைத்து மூடிவிட்டு மூன்று பக்கம் தொடர்ந்து பாருங்கள். என்ன நடந்தது, எந்த அறையில் நடந்தது, யார் யாருக்கு இடப்பக்கம் என்று சொல்ல முடிந்தால் ஓவியர் வேலையைச் செய்திருக்கிறார். பிடிக்காவிட்டாலும் மரியாதை கொடுக்கலாம். ரொமிட்டா ஜூனியர் இதில் எப்போதும் தேறுவார், மோசமான இங்க்கில்கூட. கிர்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு அமெரிக்க ஓவியரான ராப் லைஃபெல்டை இதே சோதனைக்கு உட்படுத்துங்கள். 'எக்ஸ்-ஃபோர்ஸ்' முதல் இதழ் 1991-இல் சுமார் 50 லட்சம் பிரதி போனது. ஐந்து வகை டிரேடிங் கார்டுகளில் ஒன்றை உள்ளே வைத்துப் பிளாஸ்டிக் உறையில் விற்றதால், ஒருவரே ஐந்து வாங்கினார்கள் என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. டெட்பூலும் கேபிளும் அவர் பங்கில் உருவானவர்கள்தான். தனிப் படமாக, அட்டையாக, ஓர் ஆவேசம் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பலூனை மூடினால் இடம் தெரியாது. தரை தெரியாது. பாதங்கள் புகைக்குள்ளோ பேனல் ஓரத்திலோ மறைந்துவிடும். ஆள் எங்கே ஊன்றி நிற்கிறார் என்று தெரியாதபோது அடிதடிக்கு எடை வராது. இதை எந்த இங்க்கரும் எந்தத் தாளும் சரிசெய்ய முடியாது. மூன்று தொடர்களில் பார்த்தும் இதே குறை என்றால் நிறுத்திவிடலாம், குற்ற உணர்வே வேண்டாம்.

வரைய முடியாதவர், வேண்டாம் என்று முடிவெடுத்தவர், இந்த இருவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. பில் சின்கெவிச் 'நியூ மியூட்டண்ட்ஸ்' 18-இல் (1984) வந்தபோது பலர் திகைத்தார்கள். கதையில் வரும் பேய்க் கரடி கருப்புப் பிழம்பாக, முகங்கள் கோணலாக. அவருக்கு உடலமைப்பு தெரியாதோ என்ற சந்தேகம் வந்தால் 1980-இல் தொடங்கிய 'மூன் நைட்' இதழ்களை எடுங்கள். நீல் ஆடம்ஸ் வழியில், எலும்பும் தசையும் கச்சிதமாக வரைந்திருப்பார். தெரிந்தே விட்டுவிட்டுப் போனவர் என்று அப்போது விளங்கும். அதன் பிறகு 18-க்குத் திரும்பினால் அந்தக் கரடி ஏன் அப்படி என்பதும் விளங்கும். இப்படிப்பட்டவர்களுக்கு மறுவாய்ப்பு என்பது பின்னோக்கிப் போய்ப் படிப்பது. லைஃபெல்டிடம் பின்னோக்கிப் போனாலும் அப்படி ஒரு அடித்தளம் தென்படாது.

நிறுத்தும் இடம் கேட்டீர்கள். என் அளவுகோல் மூன்று படைப்புகள். மூன்றும் ஒன்றுக்கொன்று மாறுபட வேண்டும். ஒன்று வேறு கூட்டாளியோடு, ஒன்று வேறு காலகட்டத்தில், ஒன்று வேறு வகைக் கதையில். மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே குறை உறுத்தினால் அது அவருடைய கை. உங்களுக்கு ஒத்துவராத கை. வேறு வேறு இடத்தில் வேறு வேறு குறை என்றால் தேர்வுதான் சரியில்லை, இன்னொன்று பார்க்கலாம். நடிகருக்கும் இதே கணக்கு, கூட்டாளி என்ற இடத்தில் இயக்குநரை வைத்துக்கொள்ளுங்கள். முப்பது நாற்பது நிமிஷம் கொடுக்காமல் நிறுத்தாதீர்கள். இயக்குநர் பாத்திரத்தை நிலைநிறுத்தவே அவ்வளவு நேரம் எடுக்கும்.


கேட்டவரின் பதில்
எழுதியவர்: பேனல்ராஜா

நன்றி நண்பர்களே, எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. 'டேர்டெவில்' 254, 'நியூ காட்ஸ்' 4 மற்றும் 5, சிவிடெல்லி அல்லது டிச்சி வரைந்த ஒரு டெக்ஸ், 'மேயரோவிட்ஸ்', 'லாஸ்ட் சிட்டி ஆஃப் இசட்'. இந்த வரிசையில் போகலாமா? 'நியூ காட்ஸ்' தொகுப்பாக வாங்கினால் எல்லாத் தொடரும் கலந்து வருகிறதே, அதில் ராயர் எங்கே தொடங்குகிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?


பதில் 5
எழுதியவர்: மைக்குப்பி

ஆமாம் சார், அந்தத் தொகுப்புகளில் 'ஃபாரெவர் பீப்பிள்', 'நியூ காட்ஸ்', 'மிஸ்டர் மிராக்கிள்', 'ஜிம்மி ஓல்சன்' நான்கும் வெளிவந்த தேதி வரிசையில் மாறி மாறி வரும். கணக்கு இதுதான்: 'நியூ காட்ஸ்' ஐந்திலிருந்து, 'மிஸ்டர் மிராக்கிள்' ஐந்திலிருந்து, 'ஃபாரெவர் பீப்பிள்' ஆறிலிருந்து ராயர். அதனால் தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் இந்த எண்களுக்குத் தாவுங்கள். எண் போடாமல் இருந்தால் எழுத்துருவைப் பாருங்கள். ராயர் வந்ததும் பலூனின் எழுத்து சட்டென்று மாறும், தலைப்பு எழுத்தும் கனமாகும்.

கிர்பியின் வெறும் பென்சில் பக்கங்களைப் பார்க்க ஆசை இருந்தால் 1994-இலிருந்து வரும் 'தி ஜாக் கிர்பி கலெக்டர்' இதழைத் தேடுங்கள். மை ஏறுவதற்கு முந்தைய பென்சில் நகல்களை அச்சிடுவதுதான் அவர்களுடைய முக்கிய வேலை. ஒரு பென்சில் நகலையும் அதே பக்கத்தின் அச்சான வடிவத்தையும் வைத்துப் பின்னணியில் எத்தனை ஆட்கள் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். டிசியில் வாரத்துக்கு 15 பக்கம் என்ற ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு அந்த அளவுக்கு நிறைத்து வரைந்தார்.

வரிசை சரிதான். 'டேர்டெவில்' மட்டும் 254-இல் நிறுத்தாமல் 260 வரை தொடர்ந்து படியுங்கள். மேரி கதை அதில்தான் உச்சத்துக்குப் போகிறது. 258 மட்டும் வேறு ஓவியர், அதைத் தாண்டிவிடலாம்.